வரும்போதே இருந்தவை

எங்கள் அண்ணி யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், சட்டையைத்தான் பார்ப்பாள். காலர் நைந்திருக்கிறதா, கைமடிப்பில் பொத்தான் இருக்கிறதா, அக்குள் வெளுத்திருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த பிறகுதான் கண் முகத்துக்கு வரும். முதலாளியின் மருமகன் முதல்முறை கடைக்கு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். அவர் போன பிறகு அண்ணி என் காதோரம் வந்து, "அவரு போட்டிருக்கிறது போன வாரம் நம்மகிட்ட வந்த சட்டை. யாரோ ஃப்ரெண்டோடது. இடது கஃப்ல நான் எடுத்த மை இன்னும் லேசா தெரியுது பாரு" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆளிடம் எனக்குப் பயமே வரவில்லை.

அந்தச் சலவைக்கடையில் நான் முன் மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுத ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அண்ணி உள்ளே கறை எடுப்பாள், இஸ்திரி போடுவாள். அவளுக்குப் பதினான்கு வருடம். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்து ஒரே கடைக்குப் போய் வருகிறோம், இதுவரை ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிடித்திருக்கிறோம். அதையும் சொல்கிறேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணி வந்தாலும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே அதை மேசையில் விரித்துப் பார்ப்போம். சீட்டில் 'வரும்போதே இருந்தவை' என்று ஒரு கட்டம். மூன்றாம் பொத்தான் இல்லை, முழங்கையில் தேய்வு, முன்பக்கம் டீக்கறை என்று அதில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் துணி உள்ளே போகும். வெள்ளைத் தாள் அவர்களுக்கு, ரோஸ் நிறக் கார்பன் நகல் எங்களுக்கு. இந்தக் கட்டத்தைப் போட வைத்ததே அண்ணிதான். ஒருமுறை ஒரு வக்கீல், கோட்டின் உள்துணியை நாங்கள் கிழித்துவிட்டோம் என்று கடையில் வந்து குதித்தார். முதலாளி அண்ணியைத் திட்டினார். அண்ணி அந்தக் கிழிசலைத் திருப்பிக் காட்டினாள். ஏற்கெனவே யாரோ வேறு நிற நூலில் தைத்து, அதுவும் பிய்ந்து போயிருந்தது. வக்கீல் கோட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். "இனிமே எது நம்ம கைக்கு எப்படி வந்துச்சு, எப்படிப் போச்சுன்னு எழுதி வச்சுக்கணும். இல்லேன்னா அடுத்தவன் பண்ணின பாவமெல்லாம் நம்ம தலையில" என்றாள். அன்றிலிருந்து சீட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது.

இனி பட்டன்.

பட்டன் என் அண்ணன் மகள். உருண்டையாகப் பிறந்தாள், அண்ணன் அப்படிக் கூப்பிட்டான், ஒட்டிக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மூன்று வயதில் டாக்டர் ஒரு நீளமான பெயரைச் சொல்லி, பேச்சு மெதுவாகத்தான் வரும், கூட்டமும் சத்தமும் இவளுக்கு வலிக்கும், பொறுமையாக இருங்கள் என்றார். அண்ணன் வேன் ஓட்டுகிறவன். வழியில் ஆடு மாடு நின்றால்கூட ஹாரன் அடிக்க யோசிக்கிற ஆள். அவன் அழுதான். அண்ணி அழவில்லை. "வலிக்கும்னு தெரிஞ்சிருச்சுல்ல, அதுக்கு என்ன பண்ணணும்னு பார்ப்போம்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஐந்து வயதில் பட்டனைப் பள்ளியில் சேர்த்தோம். அன்று அண்ணி செய்த காரியத்துக்கு நானும் அண்ணனும் ஒரு மாதம் சிரித்தோம். கடைச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, 'வரும்போதே இருந்தவை' கட்டத்தில் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டு போயிருந்தாள். "பேசும் சொற்கள் நாற்பத்து மூன்று. பாட்டுக் கேட்டால் கூடவே முனகுவாள். சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொள்வாள், யாரையும் அடிக்க மாட்டாள். யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வாள். வலது செருப்பு வாரை மாட்டத் தெரியும், இடது வராது. கடிக்கும் பழக்கம் இல்லை. சிரிப்பு உண்டு." முதல் வகுப்பு டீச்சர் வாசித்துவிட்டு, இப்படி ஒரு அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டன் கையை அவர் விட்டதே இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். வெள்ளைத் தாள் பள்ளியில் தங்கியது. ரோஸ் தாள் எங்கள் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம். பட்டன் காலையில் போனாள், மாலையில் வந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. டாக்டர்தான் சொன்னாரே, மெதுவாகத்தான் வரும் என்று நாங்கள் எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டோம். வருவதற்கும் போவதற்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள்களாக இருந்தோம், வேறென்ன சொல்ல. நாலாம் வகுப்பு முடிவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்காக அவளுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. அண்ணன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான்.

கண்டுபிடித்தது சீருடைதான். பட்டனின் சட்டையை அண்ணி கடையிலேயே துவைத்துத் தேய்ப்பாள். ஐந்தாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் இருக்கும், ஒரு நாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"இதைப் பாரு. வலது கையில பச்சைச் சுண்ணாம்பு."

"சுவத்துல சாஞ்சிருப்பா. இதுக்கா இஸ்திரியை விட்டுட்டு வந்தீங்க?"

"தினமும் அதே கையில, அதே இடத்துல. பாவாடை பின்பக்கம் பாரு, கண்ணாடி மாதிரி தேஞ்சிருக்கு. முன்பக்கம் ஒரு சாக்பீஸ் தூள் இல்ல, பென்சில் கோடு இல்ல, மை இல்ல. அஞ்சாவது படிக்கிற பிள்ளையோட சட்டையா இது?" சட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அவ கிளாஸ் சுவர் மஞ்சள். நான் பார்த்திருக்கேன். பச்சை எங்க இருக்கு?"

அண்ணி மேலங்கியைக் கழற்றி என் மேசையில் போட்டுவிட்டு அப்படியே நடந்தாள். நானும் மேசையைப் பூட்டிவிட்டு ஓடினேன். முதலாளி பின்னாலிருந்து கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

பச்சை, பள்ளியின் பின்பக்க நடைவழியில் இருந்தது. ஒரு பக்கம் துடைப்பம் வைக்கிற அறை, மறுபக்கம் குடிநீர்க் குழாய். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அதில் பட்டன் உட்கார்ந்திருந்தாள். வலது கை சுவரில். பை மடியில், திறக்காமல். தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டிப் பெருக்குகிற ஆயாதான் சொன்னார். "ரெண்டாம் கிளாஸ்ல இருந்தே இங்கதாம்மா. காலையில மணி அடிச்சா அவளே வந்து உட்கார்ந்துக்குவா. அவ்வளவு நல்ல பிள்ளை." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்கு முன்னால இங்க இன்னும் மூணு பேர் இருந்தாங்க. எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

தலைமை ஆசிரியை எங்களை உட்காரச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை.

"ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க இருக்காங்கம்மா. சத்தம் ஆகாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க, ஃபைல்ல இருக்கு. அதனாலதான் அமைதியான இடமா பார்த்து உட்கார வச்சோம்."

"சத்தம் ஆகாதுன்னு எழுதினேன். மனுஷங்க ஆகாதுன்னு எழுதலையே."

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அச்சடித்த பாரத்தை எடுத்துத் தள்ளினார். வேண்டுமானால் பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அவர் குரலில் எத்தனை நிம்மதி! விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருந்தது. அதன் மேல் பேனாவை ஓட்டிக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் அண்ணியின் வேலை. அந்த மூன்று பேரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

அண்ணி அந்தப் பாரத்தைத் தொடவில்லை. தன் பைக்குள்ளிருந்து கடைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள், எழுதியதை வாய்விட்டு வாசித்தாள். "திரும்பப் பெற்றபோது. பேசும் சொற்கள் இரண்டு. பாட்டு இல்லை. மணிக்கட்டில் கடித்த தழும்பு, இரண்டு கையிலும். கை நீட்டினால் பின்வாங்குகிறாள். இரண்டு செருப்பும் மாட்டத் தெரியும். சிரிப்பு இல்லை." புத்தகத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, "கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

"இதென்ன லாண்டரியா?"

"லாண்டரியா இருந்திருந்தா போட்டிருப்பீங்க."

அவர் போடவில்லை. அண்ணியும் அவர் பாரத்தில் போடவில்லை. பட்டனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஒன்பது வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு, பிரதான வாசல் வழியாக வெளியே வந்தாள். பின்வாசல் பக்கத்தில்தான் இருந்தது. வேண்டுமென்றே முன்னால் வந்தாள்.

இனி பட்டனுக்கு வீட்டிலேயே தான் சொல்லிக்கொடுப்பதாக அண்ணி சொன்னாள். அதை முதலில் எதிர்த்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எட்டு மணி நேரம் நின்று இஸ்திரி போடுகிறவள், பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள், எந்த தைரியத்தில் இதைச் செய்கிறாள்? "நீங்க என்ன டீச்சரா? கோபத்துல பிள்ளையோட வாழ்க்கையில விளையாடுறீங்க" என்றேன். "நீயும் அந்தம்மா பக்கமா?" என்றாள். அதற்கு நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, மூன்று நாள் இரண்டு பேரும் பேசவில்லை. அண்ணன் எங்களுக்கு நடுவில் தண்ணீர் டம்ளரை இங்குமங்கும் எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். நாலாம் நாள் அண்ணி முதலாளியிடம் போய், தான் காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை, நான் ஒரு மணியிலிருந்து எட்டு வரை என்று மாற்றி எழுதிவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவே இல்லை. "உன்னை விட்டா நான் யாருகிட்ட விட்டுட்டு வேலைக்கு வருவேன்?" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சண்டை போட?

பிறகு அண்ணி ஒரு தவறு செய்தாள். அவளுக்குப் பள்ளி என்றால் என்னவென்று தெரிந்ததெல்லாம் மணி, அட்டவணை, நோட்டு. கடையின் முன்மேசையில் வாடிக்கையாளர் தட்டுகிற மணி ஒன்று பழையது இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தாள். சாப்பாட்டு மேசையில் சிலேட்டும் பென்சிலும் வைத்தாள். சுவரில் அட்டவணை ஒட்டினாள், கணக்கு, மொழி, படம் வரைதல் என்று. நாங்கள் இருவரும் கடையில் விடுப்புச் சொல்லியிருந்த திங்கட்கிழமை, பட்டனுக்குத் தலை வாரி, மணியை டிங் என்று ஒரு தட்டு தட்டி, "பட்டன், நம்ம வீட்டுல ஸ்கூல் ஆரம்பிச்சாச்சு!" என்றாள்.

பட்டன் எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு நடைவழி உண்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அங்கே கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வலது கையைச் சுவரில் வைத்தாள்.

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள். பிறகு கெஞ்சினாள். நான் இழுத்தேன், கையில் கடி வாங்கினேன். மாலை நாலு மணி வரை அந்தப் பிள்ளை எழுந்திருக்கவில்லை. பள்ளி முடிகிற நேரம் எப்படித்தான் தெரியுமோ, நாலு மணிக்கு எழுந்து நாற்காலியை மேசைக்குக் கொண்டுவந்து போட்டாள். அண்ணி அன்றைக்குத்தான் அழுதாள். பதினான்கு வருடத்தில் நான் பார்த்த ஒரே அழுகை. "என் பிள்ளைக்கு அவங்க ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலைன்னு நினைச்சேன். சொல்லிக் கொடுத்திருக்காங்க. நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள்.

அழுது முடித்து முகம் கழுவியதும் அட்டவணையைக் கிழித்தாள். மணியை அலமாரியில் போட்டாள். 'ஸ்கூல்' என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டாள். அண்ணன் வாய் தவறி ஒருமுறை சொல்லிவிட்டு, அண்ணி பார்த்த பார்வையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆனால் பட்டன் நிறுத்தவில்லை. சொல்லைச் சொல்லாவிட்டாலும், தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் போதும், நாற்காலியோடு நடைவழிக்குப் போய்விடுவாள். அண்ணி அவளை இழுக்கவில்லை. தானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து "போதும்" என்பாள். எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, மேசைக்குக் கொண்டுவந்து வைப்பாள். பிறகு மறுபடி போய் உட்காருவாள். உட்கார். போதும். எழுந்திரு. தூக்கு. நான் வீட்டில் இருக்கிற நாட்களில் நடைவழியில் போகிறவள் வருகிறவளெல்லாம் நான்தான், ஒவ்வொரு முறையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். அண்ணிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

இதுதான் அவர்கள் வீட்டுப் படிப்பு. மற்றதெல்லாம் இடையிடையே தானாக நடந்தது. கடையில் உதிர்ந்த பொத்தான்களை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருப்போம். பட்டன் அவற்றை நிறம் பிரித்தாள், பிறகு ஓட்டை பிரித்தாள், இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை. துணிக்குள் தைத்திருக்கிற துண்டு லேபிள்களில் எழுத்துகளை விரலால் தடவினாள். பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கண்ணாடிச் சன்னல் ஒன்று உடைந்தது. என் கையில் இன்னும் இரண்டு கடி. பேசும் சொற்கள் இரண்டிலிருந்து ஐந்தானது, பிறகு மூன்றானது, பிறகு ஏழானது. அண்ணி சீட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். குறைந்தால் குறைந்ததென்று எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் பட்டன், அண்ணி எழுந்த பிறகு தானும் எழுந்தாள். நாலாம் மாதம் "போதும்" என்று அண்ணி சொல்லும்போது கூடவே உதட்டை அசைத்தாள். அண்ணி பக்கத்தில் இருந்தால்தான். தனியாக உட்கார்ந்தால், நாலு மணிதான்.

அந்த நேரத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஒரு அலுவலர் வீட்டுக்கு வருவார், பிள்ளைக்குப் போதுமான கல்வி நடக்கிறதா என்று பார்ப்பார், நடக்கவில்லை என்றால் பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்க்க உத்தரவிடுவார். அதே பள்ளி. அதே பச்சைச் சுவர்.

அண்ணன் கடிதத்தை நாலுமுறை வாசித்து, நாலுமுறையும் வேர்த்தான். எனக்கோ கை துறுதுறுவென்றது. புதன்கிழமை அண்ணி வேலைக்குப் போனதும் ஆறு நோட்டு வாங்கிவந்து, இடது கையால், கோணல்மாணலாக, ஒன்று இரண்டு மூன்றும் அ ஆ இ ஈயும் நிரப்பினேன். நடுநடுவே இரண்டு தப்பும் போட்டுச் சிவப்பு மையில் திருத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமாக வந்தது. அண்ணி வந்து ஒரு நோட்டைப் பிரித்தாள்.

"யாரு எழுதினது?"

"பட்டன்னு சொல்லுவோம்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "இருபத்திரண்டு வருஷமா நீ ஒரு பொய்ச் சீட்டு எழுதினதில்ல. என் பிள்ளைக்கா முதல்ல எழுதப்போறே? அவங்க முழு வருகைன்னு எழுதினாங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" ஆறு நோட்டையும் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு உள்ளங்கால் வரை சுட்டது.

வியாழக்கிழமை அண்ணி விடுப்புப் போட்டிருந்தாள், பத்து மணிக்கு அலுவலர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையில் இரட்டை மடிப்புக் கோடு, தானே அவசரமாகத் தேய்த்திருக்கிறார். பையில் மைக்கறை. அண்ணியின் கண் ஒரு சுற்று ஓடி முகத்துக்கு வந்து நின்றது. கெட்ட ஆள் இல்லை என்று அவள் முடிவு செய்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கையில் பேனா இருக்கிற நல்ல ஆளால் பிள்ளைக்கு என்ன லாபம்?

"அட்டவணை இருக்காம்மா?"

"இல்லங்க."

"நோட்டு?"

"இல்லங்க" என்றாள் அண்ணி. பொத்தான் ஜாடியைக் காட்டினாள், லேபிள்களைக் காட்டினாள், ஏழு சொற்களையும் சொன்னாள். அவர் பாரத்தில் மொழி, கணக்கு, அறிவியல் என்று கட்டங்கள் இருந்தன. பேனா ஒவ்வொன்றின் மேலும் நின்று யோசித்து, எழுதாமல் நகர்ந்தது. பட்டன் மேசையருகே உட்கார்ந்து நாலு ஓட்டைப் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் குனிந்து, அன்பாகத்தான், நிஜமாகவே அன்பாகத்தான் கேட்டார்.

"பாப்பா, நாம ரெண்டு பேரும் ஸ்கூல் விளையாட்டு விளையாடலாமா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

பட்டன் பொத்தானைக் கீழே வைத்தாள். எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். நடைவழிக்குப் போனாள். நாற்காலிக் கால்கள் தரையில் படும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"எங்க போறா? சொன்னதைக் கேட்க மாட்டாளா?"

"சொன்னதைக் கேட்டுத்தான் போறா" என்றாள் அண்ணி. "நீங்க ஸ்கூல்னு சொன்னீங்க. அவளுக்குத் தெரிஞ்ச ஸ்கூல் அதுதான். வந்து பாருங்க."

அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். சுவர், நாற்காலி, சுவரில் வைத்த சின்னக் கை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் கொஞ்சம் வேறாக இருந்தது. அண்ணி இரண்டு ரோஸ் தாள்களை அவர் முன்னால் வைத்தாள். முதலாவதில் டீச்சர் கையெழுத்து இருந்தது. இரண்டாவதில் கையெழுத்துக்கான இடம் காலி. அவர் இரண்டையும் வாசித்தார். சிரிப்பு உண்டு என்ற இடத்தில் விரல் நின்றது.

"என்னால பார்த்ததைத்தான் எழுத முடியும்மா" என்றார். "இப்போ நான் பார்க்கிறது, பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கா."

அண்ணன் பட்டனைத் தூக்கிவர எழுந்தான். நானும் எழுந்தேன். "யாரும் போகக்கூடாது" என்றாள் அண்ணி. அவள் குரலில் அப்படியொரு இரும்பு. அவளும் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது டிகிரிச் சூட்டில் நீராவிப் பெட்டியைப் பிடித்தே தடித்துப்போன அந்த விரல்கள் வெளுத்திருந்தன. "நாலு மணி வரைக்கும் ஆனாலும் உட்கார்ந்து பாருங்க சார். பார்த்ததை எழுதுங்க."

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணி பக்கத்தில் இல்லாமல் பட்டன் ஒருமுறைகூட எழுந்ததில்லை. இந்த மனுஷி பிள்ளையைப் பணயம் வைக்கிறாளே, ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்தேன். சுவர்க்கடிகாரம் ஓடியது. அலுவலர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பத்து நிமிடம். இருபது நிமிடம். அவர் தொண்டையைச் செருமி, பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் கட்டத்தில் பேனாவை வைத்தார்.

நடைவழியில் நாற்காலி நகர்ந்தது.

பட்டன் வந்தாள். நாற்காலி அவள் வயிற்றில் இடிக்க இடிக்க, பக்கவாட்டில் நடந்து, நான் எப்போதும் சுவரோடு ஒட்டி நடப்பேனே, அதே மாதிரி வந்தாள். மேசையருகே வைத்தாள். நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒரு விரற்கடை நகர்த்தினாள். அலுவலரைப் பார்த்து, தெளிவாக, "போதும்" என்றாள். உட்கார்ந்து பொத்தானை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அண்ணன் அழுதேவிட்டான். அண்ணி மட்டும் மேசையை விடவில்லை.

"இதுதான் சார் நாலு மாசத்துல நான் சொல்லிக் கொடுத்த பாடம். ஒரே ஒரு பாடம். மூணு வருஷமா உட்கார வச்சதை எழுந்திருக்க வச்சிருக்கேன். எழுதுங்க."

"இதை எந்தக் கட்டத்துல எழுதறதும்மா?"

"உங்க பாரத்துல இடம் இல்லேன்னா எங்க சீட்டுல இருக்கு" என்று என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். என் சொந்தக் கையெழுத்தில், வலது கையால் எழுதினேன். நாற்காலியிலிருந்து தானே எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சொற்கள் எட்டு. அலுவலர் வாசித்துக் கையெழுத்துப் போட்டார். வெள்ளைத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன், அதைத் தன் கோப்பில் குத்திக்கொண்டார். வீட்டிலேயே தொடரலாம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பேன் என்றார்.

"வாங்க. ஆனா அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அண்ணி. பிறகு கோப்பை எட்டிப் பார்த்தாள். மேல் தாள், பள்ளி அனுப்பியது. விலகிய காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

"இது பொய் சார். நான் இதுல கையெழுத்துப் போடல. அடிங்க இதை."

அவர் அந்த இரண்டு சொற்களையும் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அப்போ காரணம் என்னன்னு எழுதணும்? காலியா விட முடியாது."

அண்ணி யோசிக்கவே இல்லை. "'போதும்'னு எழுதுங்க. பிள்ளையே சொல்லிட்டா, நீங்களும் கேட்டீங்க."

எழுதினார். பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டார்.